சாக்குக்கு வெட்டியது போக

நானூறு பாக்கெட். பாக்கெட்டுக்கு நூறு கிராம். ஆக நாற்பது கிலோ. மதுரையில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, விரலைக்கூட மடக்காமல் இந்தப் பெருக்கலைப் போட்டு, ஏற்றுமதிப் படிவத்தில் எழுதி அனுப்பியவன் நான். சரக்கு இருந்ததோ கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அதை யாராவது தராசில் வைத்தார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாய்ப்பாட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

துறைமுகத்தில் நிறுத்தபோது நாற்பத்தாறு கிலோ இருந்தது.

எடை குறைந்தால் கோபித்துக்கொள்வார்கள், கூடினால் சந்தேகப்படுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு கிலோவைச் சும்மா யார் கொடுப்பார்கள்? உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது? பெட்டிகளைப் பிரித்தார்கள். மோப்ப நாய் வந்தது. வறுத்த கறித்தூளை முகர்ந்து அது தும்மத் தொடங்கியதாகவும், அன்று முழுக்க வேறு எந்தப் பெட்டியையும் அதனால் சோதிக்க முடியவில்லை என்றும் கேள்வி. மூன்று வாரம் கழித்துச் சரக்கை விட்டார்கள். அதற்குள் தூளின் மணம் போய்விட்டது. என் மானமும் கூடவே போனது.

எனக்கும் வியாபாரத்துக்கும் உள்ள சம்பந்தம் கொஞ்சம்தான். ஊறுகாய்க் கம்பெனி ஒன்றை ஆரம்பித்துப் பதினோரு மாதத்தில் மூடினேன். அது மூடிய விதத்தை வேடிக்கையாக எழுதப் போக, இரு கரைச் சிறு தொழில்களையும் இணைக்கும் திட்டம் ஒன்றில் என்னை ஆலோசகராகக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் திட்டத்தின் பெயரில் பிராந்தியம், பொருளாதாரம், ஒத்துழைப்பு மூன்றும் உண்டு. பதாகையில் எழுதினால் இரண்டு கம்பத்துக்கு நடுவே கொள்ளாது. விஷயம் என்னவோ எளிமையானது. தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கறித்தூள் வறுத்து அரைக்கிறார்கள். மதுரையில் பதினாறு சின்ன மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து அதை வாங்கி விற்கிறார்கள். சின்னவர்கள் இரண்டு பக்கமும் கை கோத்துக்கொண்டால் வெள்ளம் எளிதில் அடித்துப் போகாது என்பது எண்ணம். நடுவில் என்னை நிறுத்தியதுதான் பிசகு.

கடைக்காரர்களின் தலைவர் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீங்க போட்ட கணக்கு சார். நீங்களே போய் நிறுத்துக் கொண்டாங்க. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா எங்காளுக பழைய கம்பெனிக்கே போயிருவாங்க. அப்புறம் நான் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க” என்றார்.

அன்று மாலையே அந்தப் பக்கமிருந்தும் பேச்சு வந்தது. பெண்கள் குழுவின் தலைவி மகேஸ்வரி. “சேர், இந்த ஓடர் நின்னா சசிகலா குவைத்துக்குப் போறா. பாஸ்போட்டு ஏஜென்சியில கெடக்கு. சனிக்கெழம வந்து கையெழுத்து வைக்கணுமாம். ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க சேர், சின்னது இன்னும் இஸ்கூலுக்கே போகல.” சசிகலாதான் பாக்கெட் நிரப்புபவள். வெள்ளிக்கிழமை பதுளையிலிருந்து லொறி கிளம்புகிறது. அதற்குள் நாற்பது கிலோ நாற்பது கிலோவாகவே இருக்க வேண்டும்.

*

பதுளை, ரயில் இதற்கு மேல் முடியாது என்று நின்றுவிட்ட ஊர். தண்டவாளம் அங்கேயே முடிகிறது. தூங்கிப்போனாலும் தவறவிட முடியாத ஸ்டேஷன் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பசிக்கு ஒரு கடையில் உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் ஒரு தட்டு வந்தது: மீன் வைத்த பன், ரோல்ஸ், பற்றீஸ், வடை, எல்லாம் இரண்டிரண்டு. ஆலோசகர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இது வரவேற்பு என்று நினைத்து, மரியாதைக்குக் குறை வைக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவதில் மூச்சு வாங்கியது. பக்கத்து மேசைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வேணுங்கிறத எடுத்துட்டு மத்தத வைக்கலாங்க. தின்னதுக்குத்தான் காசு” என்றார். எண்ணாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, தின்றவன் சொல்வதை நம்புகிற ஊர். எங்கள் பக்கம் டோக்கன் வாங்கினால்தான் டம்ளரே கண்ணில் படும்.

கடைவீதியில் பாரூக் நானாவின் பலசரக்குக் கடை. லொறியில் ஏற்றிவிடுகிற பொறுப்பு அவருடையது. மிளகு, கறுவா, ஏலம் எல்லாம் கலந்த மணத்துக்கு நடுவே, நகைக்கடைக்கார மச்சானிடம் எனக்காக இரவல் வாங்கிவைத்திருந்த சின்ன டிஜிட்டல் தராசை, பிறந்த குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார்.

“இது ஒரு கிராமும் பொய் சொல்லாது சேர். கீழ மட்டும் போட்டுறாதீங்க. மச்சான்ட வாய் சரியில்ல.”

*

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் ஒரு பெரிய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் சீட் காலி. லுணுகலைக்குப் போகுமா என்று கேட்டிருக்கலாம். கேட்பது ஆலோசகருக்கு அழகா? ஏறி உட்கார்ந்தேன். தராசை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தேயிலை மலை, பச்சைக்கு நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொழுந்து பறிக்கிற பெண்கள், ஜில்லென்ற காற்று. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தேயிலையைக் காணோம். ரப்பர் மரங்களும் கரும்பும் போய்க்கொண்டிருந்தன. வெயில் மதுரை வெயில். ஒரு கணம், கனவில் ஊர் திரும்பிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பசறையில் சாலை இரண்டாகப் பிரிந்ததும், லுணுகலை ஒரு பக்கம் போக நான் இன்னொரு பக்கம் போய், மொனராகலை வந்து சேர்ந்திருந்தேன். பஸ்ஸின் நெற்றியில் மூன்று மொழியில் மொனராகலை என்று எழுதியிருந்ததை இறங்கிய பிறகு படித்தேன். தமிழிலும் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

கூடவே இறங்கிய முன் சீட்டுப் பாட்டியம்மா என்னைக் காட்டி நடத்துனரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் தயங்கி மொழிபெயர்த்தார்: “‘கண்ணாடியெல்லாம் போட்டிருக்காரு, படிச்சவருன்னு நெனச்சேன்’ங்கிறாங்க.”

திரும்பிப் பசறைக்கு வந்து, வேறு பஸ் பிடித்து லுணுகலையில் இறங்கியபோது மணி மூன்றரை. அங்கிருந்து ஆட்டோவில் மலையேறிப் போனால், தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பரா. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். இப்போது புதிதாக வேறு கட்டியதால், பழையதைக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் யானையும் மயிலும். தரையில் அரைக்கும் இயந்திரம். கூரை முழுக்க வறுத்த கொத்தமல்லி வாசனை.

வாசலில் மகேஸ்வரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு நோட்டுடன் நின்றாள்.

“காலையில பெரட்டுக்கு வர்றதா சொன்னீங்களே சேர்.”

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பது. இந்தப் பன்னிரண்டு பேரும் தோட்டத்துச் சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். ஆனாலும் தினமும் ஆறரைக்குப் பெரட்டு உண்டு. சொந்தத் தொழிலில் எதற்கு என்று கேட்டேன்.

“தோட்டத்துத் தொர இல்லன்னா விடியாதா சேர்?” என்றாள்.

பிறகு நோட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே ஏதோ எழுதினாள். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர் என்பது தோட்டத்து வழக்கம். எனக்கு அரைப் பேர் விழுந்தது. மொனராகலை போய் வந்த கதையைச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் ரசித்துச் சிரித்தார்கள். பேர் மட்டும் மாறவில்லை.

இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயும், தேங்காய் ரொட்டியும், நாக்கைச் சுடும் கட்ட சம்பலும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் தேயிலையைப் பாலில் போட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை காய்ச்சுவோம். இங்கே வெந்நீரில் லேசாக விசாரித்து விட்டுவிடுகிறார்கள். ருசி என்னவோ இதில்தான் இருந்தது.

அந்தத் தெம்பில் பிரசங்கத்தைத் தொடங்கினேன். தலைப்பு, சிறு தொழில்களின் மீண்டெழும் திறன். விழுவது தவறல்ல, விழுந்தபின் எழுவதே தொழில் என்று என் ஊறுகாயை உதாரணம் காட்டிப் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

“எந்திரிக்கிறது எங்களுக்குப் பழக்கந்தான் சேர். விழாம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா?”

மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடிய மீரியபெத்த அவள் பிறந்த இடம் என்று பிறகு சொன்னார்கள். அந்தத் தலைப்பை மடித்துப் பைக்குள் வைத்தவன், அப்புறம் வெளியே எடுக்கவில்லை.

*

மூன்றாம் நாள் ஆறரைக்கு நான்தான் முதல் ஆள். மகேஸ்வரி நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

போன தடவை மிஞ்சிய பாக்கெட் சில அலமாரியில் இருந்தன. ஒன்றைப் பிரித்து, தூளை ஒரு கோப்பையில் கொட்டித் தராசில் வைத்தேன். கோப்பையைக் கழித்து நூற்றெட்டு. அடுத்தது நூற்றேழு. அதற்கடுத்தது நூற்றொன்பது. எல்லோரும் சசிகலாவைப் பார்த்தார்கள். முப்பது வயதுப் பெண். தலை குனியவில்லை.

“கூடத்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்.”

“ஏன்மா?”

“தராசு வெட்டும்ல சேர்?”

எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு காட்டுவது ஒன்று, பேரேட்டில் ஏறுவது வேறு. சாக்குக்கு என்று, அதாவது சாக்கின் எடைக்கு, கொஞ்சம் வெட்டு, ஈரத்துக்கு என்று கொஞ்சம் வெட்டு. பறிக்கிற ஒவ்வொருத்தியும் அந்த வெட்டுக்குச் சேர்த்துத்தான் பறிப்பாள். இவள் அம்மா அப்படித்தான், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

“இங்க இருக்கிற தராசே இவ்வளவு வெட்டுதுன்னா, கடல் தாண்டிப் போற தராசு எவ்வளவு வெட்டும்? அதுக்கும் சேத்துப் போட்டேன்” என்றாள் சசிகலா.

நான் ஊறுகாய் விற்ற காலத்தில் பாட்டிலுக்குப் பத்து கிராம் குறைவாக இருந்ததைச் சொல்லி அவளைத் தேற்றலாமா என்று யோசித்தேன். அவ்வளவு அந்நியோன்னியம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாக்கெட்டுக்கு எட்டு கிராம் என்றால் நானூறுக்கு எவ்வளவு, ஆறு கிலோவுக்குச் சரியாக வருகிறதா என்று அப்போதே பார்த்திருக்கலாம். பெருக்கலின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போயிருந்தது.

“இது வெட்டாத தராசும்மா. நூறு வெச்சா நூறு காட்டும்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க” என்றாள் மகேஸ்வரி. “வச்சுப் பாத்துருவோம். புள்ள, அந்தச் சவுக்காரத்த எடு.”

குளியல் சோப்பு ஒன்று வந்தது. உறையில் நூறு கிராம் என்று போட்டிருந்தது. பிரித்து வைத்தார்கள். தொண்ணூற்று நான்கு.

“பாத்தீங்களா, வெட்டுது!” பன்னிரண்டு குரல். நீண்ட நாள் சந்தேகம் நிரூபணமான மகிழ்ச்சி.

“சோப்பு காயும்மா. கடையில கெடந்து காஞ்சிருக்கும்.”

“ஈரத்துக்கு வெட்டிட்டீங்களா சேர்?” என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்தோம். அது போட்டிருந்ததைவிடக் கூடக் காட்டியது. இப்போது தராசின் நாணயம் இரண்டு பக்கமும் கெட்டுப்போனது. என் சட்டைப் பையிலிருந்த தலைவலித் தைலம்வரை வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். கடைசியில் எதற்கும் உதவாத பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்று எங்கிருந்தோ வந்தது.

“தண்ணி! ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. நூறு மில்லி நூறு கிராம். அளந்து ஊத்த ஏதாவது இருக்கா?”

யாரிடமும் இல்லை. சசிகலா சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டைத் துழாவி, தூசி படிந்த ஒரு பால் போத்தலைக் கொண்டுவந்தாள். பிள்ளைக் காம்பரா காலத்தது. பக்கவாட்டில் கோடும் எண்ணும் இருந்தன.

“எங்க சின்னதுக்கு இதுலதான் பால் கரைச்சாங்க. கோடு சரியா இருக்கும் சேர். ஆயா ஒரு சொட்டுக் கூடக் கொறயக் கொடுக்க மாட்டாங்க.”

வெறும் போத்தலைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யம் ஆக்கினேன். சசிகலா கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, நூறு கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மெல்ல வைத்தாள்.

எண்கள் கொஞ்சம் தடுமாறின. தொண்ணூற்றெட்டு. நூற்றொன்று. நூறு. அங்கேயே நின்றது.

அரைக்கும் இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். மகேஸ்வரி குனிந்து தராசின் அடியில் பார்த்தாள். சசிகலா தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடி நூறு.

“வெட்டல” என்றாள், பக்கத்தில் யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல.

அன்றும் மறுநாளும் தூளைக் கோப்பையில் நிறுத்து நிறுத்துப் பாக்கெட்டில் போட்டோம். சசிகலாவுக்குத்தான் கஷ்டம். நூறு காட்டியதும் அவள் வலது கை தானாக ஒரு சிட்டிகை எடுக்கும். இடது கை அதைப் பிடித்து நிறுத்தும். “நூறுன்னா வெறும் நூறா? கொடுக்கிறவ கை சுருங்கின மாதிரி இருக்கே சேர்” என்று முனகிக்கொண்டே இருந்தாள். மிஞ்சிய தூளில் மதியம் கோழிக் கறி வைத்தார்கள். அதற்கு யாரும் எடை பார்க்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை. பதுளை. பாரூக் நானா கடையின் பெரிய தராசில் எட்டு பெட்டிகளையும் அடுக்கினோம். மகேஸ்வரியும் சசிகலாவும் கூட வந்திருந்தார்கள். வெளியே லொறி நின்றது. லொறிக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் நாற்பது என்று எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டு கிலோ எண்ணூறு.

நான் சசிகலாவைப் பார்த்தேன். மகேஸ்வரியும் பார்த்தாள்.

“என் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு சிட்டிகை போடல!”

இந்த இடத்தில் நான் ஒரு சிறு உரை ஆற்றினேன் என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன். வியாபாரத்துக்கு அடிப்படை நம்பிக்கை, பழக்கத்தை விடுவது கடினம், தவறை ஒப்புக்கொள்வதே முதல் படி என்று நிதானமாக, அவள் மனம் நோகாதபடி பேசினேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை கையெழுத்து வைக்க வேண்டிய ஏஜென்சி அந்தத் தெருமுனையில்தான் இருந்தது.

“சேர்” என்றாள் திடீரென்று. “சாக்குக்கு வெட்டினீங்களா?”

“என்னது?”

“பெட்டி இருக்கு. கவர் இருக்கு. நானூறு கவர். அதுக்கு வெட்டினீங்களா?”

பாரூக் நானா ஒரு காலிப் பெட்டியில் ஐம்பது காலிக் கவர்களைப் போட்டுத் தராசில் வைத்தார். முந்நூற்றைம்பது கிராம். “எட்டுப் பெட்டி சேர். பெருக்கிப் பாருங்களே.”

இரண்டு கிலோ எண்ணூறு. மிச்சம் நாற்பது, ஒரு சிட்டிகை கூடாமல்.

“நான் என்னமோ பெட்டிய நீங்க காத்துல செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார் நானா.

முதல் தடவை கூடிய ஆறு கிலோவில் பாதிக்கு மேல் சசிகலாவின் கை. மீதி என் தலை. சாக்குக்கு வெட்டுவது என்ன என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள் அவள். கடல் கடந்து அதை விளக்க வந்தவன் நான். படிவத்தில் சரக்கின் எடை ஒன்று, மொத்த எடை ஒன்று என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவது கட்டம் போன தடவையும் அங்கேதான் இருந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தேன். லொறி போனது. சசிகலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சேர், ரொட்டி சாப்பிடுறீங்களா?” என்றாள்.

*

சரக்கு துறைமுகத்தில் நிற்கவே இல்லை. நாய் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். மதுரைக்கு வந்து, அண்ணாச்சி பெட்டியைத் திறந்ததும் கடை முழுக்க மணத்தது. பதினாறு கடைக்காரர்களும் அடுத்த மாதத்துக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். இதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாளில் சசிகலா போனில் பேசினாள். சனிக்கிழமை கையெழுத்து வைக்க அவள் போகவில்லை. பாஸ்போட்டைத் திருப்பி வாங்கி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறாள். குழு சொந்தமாக ஒரு தராசு வாங்கிவிட்டது. கடைக்காரர் முன்னாலேயே பால் போத்தலை வைத்துச் சோதித்த பிறகுதான் வாங்கினார்களாம்.

“சேர், இன்னொரு விசயம். அன்னைக்கு உங்களுக்கு அரைப் பேர் போட்டாங்கல்ல? பாவம், இவ்வளவு தூரம் வந்தாரே, முழுப் பேராப் போட்டுறலாம்னு மகேஸ் அக்காகிட்ட நான் கேட்டேன்.”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “என்ன சொன்னாங்க?”

“நோட்ட எடுத்துப் பாத்தாங்க சேர். சாக்குக்கு வெட்டினது போக அந்த அரையே கூடன்னுட்டாங்க.”